அத்தியாயம் 7: துருப் பிடிக்காத பட்டறை

என் முதல் ஹாட் ராட் கராஜைக் கட்டி முடித்தபோது, அதில் துருப் பிடிக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான்: மேலே தொங்கிய பல்பு. ஸ்பானர், டிரம், கதவுக் கீல், காரின் பம்பர் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் ஆரஞ்சும் பழுப்புமாகப் பூசித் தள்ளியிருந்தேன். மூன்று மாத உழைப்பு. எங்கள் தெருமுனையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஏந் தம்பி, இந்தக் கடையப் பூட்டி எத்தனை வருசமாச்சு?” என்று கேட்டார். பூட்டவில்லை, வேலை நடக்கிற கடைதான் என்றேன். “அப்புறம் ஸ்பானர்ல எப்பிடித் துரு வரும்? தெனம் கை படுற சாமான் பளபளன்னுல்ல இருக்கும்?”

அதற்குப் பிறகு அந்த மாடலை நான் யாருக்கும் காட்டியதில்லை. இந்தத் துறையில் பத்துக்கு ஏழு பேர் செய்கிற தவறு அதுதான். நாம் கட்டுவது நமக்குப் பழங்காலம். அந்த கராஜில் நின்று வேலை பார்த்தவனுக்கு அது இன்று காலை. அவனுடைய ஸ்பானர் நேற்று வாங்கியதாகக்கூட இருக்கலாம். அங்கே உண்மையிலேயே பழசாக இருந்தது கார் மட்டும்தான். அதனால் இந்த அத்தியாயத்தில் துருவைப் பற்றி அதிகம் இராது. அழுக்கு நிறைய வரும்.

ஒரே ஒரு நாள்

“1940-கள்” என்று பொதுவாக வைத்துக்கொண்டு கட்டாதீர்கள். ஒரு ஊர், ஒரு வருடம், முடிந்தால் ஒரு வாரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது லாஸ் ஏஞ்சலஸ் புறநகரில் ஒரு வீட்டுப் பின்கட்டு கராஜ், 1949 ஆகஸ்ட் நடுப்பகுதி. ஏன் அந்த மாதம் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஹாட் ராட் என்றால் பழைய ஃபோர்டு ஒன்றை மலிவாக வாங்கி, மட்கார்டு முதலிய சுமையைக் கழற்றிப் போட்டு, என்ஜினைத் திருத்தி வேகம் கூட்டிய வண்டி. தெற்கு கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில், முதலில் மியூராக்கிலும் பிறகு எல் மிராஜிலும், இளைஞர்கள் இவற்றை ஓட்டி நேரம் பார்த்தார்கள். அதை முறைப்படுத்த 1937-இல் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் தொடங்கியது. போர் முடிந்து திரும்பியவர்களிடம் ராணுவத்தில் கற்ற இயந்திர வேலை இருந்தது. அரசு கழித்துவிட்ட போர்க்காலச் சாமான்கள் மலிவாகக் கிடைத்தன. பில் பர்க் என்பவர் 1946-இல் போர் விமானத்தின் கழற்றி விடும் பெட்ரோல் டாங்கையே காரின் உடலாக்கினார். ‘ஹாட் ராட்’ பத்திரிகை 1948 ஜனவரியில் வந்தது. 1949 ஆகஸ்ட் கடைசியில், யூட்டா மாநிலத்து போன்வில் உப்புத் தளத்தில் அந்தச் சங்கம் தன் முதல் பந்தய வாரத்தை நடத்தியது.

நம் கராஜில் இருப்பவன் அந்தப் பயணத்துக்குத் தயாராகிறான். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, கார்புரேட்டர் சரியில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும், மேஜைமேல் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது என்ற சந்தேகமே வராது. 1955-இல் வந்த செவ்ரலே வி-8 என்ஜின் இங்கே இருக்க முடியாது. 1951-இல் உருவான நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனின் முத்திரை சுவரில் இருக்க முடியாது. கடைப் பலகையில் ஐந்து இலக்க ஜிப் கோடு கூடாது. அது 1963-இல்தான் வந்தது. பிளாஸ்டிக் வாளியும் பிளாஸ்டிக் ஆயில் கேனும் கூடவே கூடாது. பரிசு வாங்கிய மாடல்களிலேயே சிவப்பு பிளாஸ்டிக் வாளியைப் பார்த்திருக்கிறேன்.

அளவு

கொலுவில் செட்டியார் பொம்மை தன் மளிகைக் கடையைவிட உயரமாக உட்கார்ந்திருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. பூங்காவில் யானையைவிடப் பெரிய வாத்து நீந்தும். டயோராமாவில் அந்தச் சலுகை கிடையாது. கதவின் உயரமும் காரின் உயரமும் ஒத்துப்போகாவிட்டால், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாதவர் கண்ணுக்குக்கூட உறுத்தும்.

அமெரிக்கக் கார் கிட்களில் பெரும்பாலானவை 1/25. ஏ.எம்.டி., ரெவெல் இரண்டிலும் அப்படித்தான். பழைய மோனோகிராம் கிட்களும், கடையில் கிடைக்கும் உலோகக் கார்களும் பெரும்பாலும் 1/24. வித்தியாசம் நூற்றுக்கு நாலு. பெஞ்ச், டிரம் போன்றவற்றில் கலந்துகொள்ளலாம், தெரியாது. சக்கரத்திலும் என்ஜினிலும் கலக்காதீர்கள்.

25-ஆல் வகுக்கக் கால்குலேட்டர் வேண்டாம். மில்லிமீட்டரை நாலால் பெருக்கி நூறால் வகுத்துக்கொள்ளுங்கள். 12 அடி அகலம், 20 அடி நீளம், 8 அடிச் சுவர் உள்ள கராஜ் நமக்கு 146, 244, 98 மி.மீ. ஆகிறது. 55 காலன் டிரம் 23 மி.மீ. குறுக்களவும் 34 மி.மீ. உயரமும். 1932 ஃபோர்டின் வீல்பேஸ் 106 அங்குலம், நமக்கு 108 மி.மீ.; கிட்டை வாங்கியதும் முதல் வேலையாக இதை அளந்து பாருங்கள். அடிப்பலகைக்கு 330 x 220 மி.மீ. அளவில் 12 மி.மீ. எம்.டி.எஃப். வெட்டி வாங்கி, இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால், ஈரமான பட்டி பூசியதும் பலகை அப்பளமாக வளையும். கராஜை இடப்பக்க விளிம்பை ஒட்டி நிறுத்தி, அந்தப் பக்கச் சுவரைக் கட்டாமல் விட்டுவிடுங்கள். பார்ப்பவர் அந்த வழியாகத்தான் உள்ளே நுழைவார். வலப்பக்கம் மிச்சமிருக்கும் இடம் முற்றம், முன்னால் மிச்சமிருப்பது வண்டிப் பாதை.

தரை

நல்ல கராஜ் மாடலை நான் தரையைப் பார்த்துத்தான் எடை போடுவேன். காருக்கு வாரக்கணக்கில் பாலிஷ் போட்டுவிட்டு, அதை ஒரே சாம்பல் நிறத்தில் மெழுகிய அட்டையில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கார் மிதப்பதுபோல் தெரியும்.

4 மி.மீ. சன்போர்டை அறையின் அளவுக்கு வெட்டி ஒட்டுங்கள். நிஜத்தில் அது 4 அங்குல கான்கிரீட். அதன்மேல் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பட்டி மூன்று பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, கருப்பு ஸ்டெயினர் இரண்டு சொட்டு, மஞ்சள் ஸ்டெயினர் ஒரு சொட்டு கலந்து, பழைய ஏ.டி.எம். கார்டால் ஒரு மி.மீ. கனத்துக்கு இழுத்துவிடுங்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு 220 உப்புத்தாள், அதற்கு மேல் 400. அங்கங்கே ஊசித் துளைகள் தெரிந்தால் மூடாதீர்கள், கான்கிரீட்டிலும் உண்டு. தரையை நாலு கட்டமாகப் பிரிக்கும் கோட்டை பிளேடின் முதுகால் கீறுங்கள். வெடிப்பு ஒன்று போதும்: கதவு ஓரத்தில் தொடங்கி, அந்தக் கோட்டைத் தொடுவதற்குள் நின்றுவிட வேண்டும். கான்கிரீட்டின் நிறம் போர்க்கப்பல் சாம்பல் அல்ல, காய்ந்த சுண்ணாம்போடு கொஞ்சம் டீ கலந்ததுபோல் இருக்கும். அந்த மஞ்சள் ஸ்டெயினர் அதற்காகத்தான்.

எண்ணெய்க் கறையைக் கண்ட இடத்தில் தெளிக்காதீர்கள். கார் தினமும் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஒரே இடத்தில்தான் ஒழுகும். காரைத் தரையில் வைத்து, என்ஜின் ஆயில் பான் எங்கே வருகிறது, கியர்பாக்ஸ் எங்கே வருகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு எடுத்துவிடுங்கள். கறைக்கு மூன்று வயது உண்டு. மிகப் பழையது தரையிலேயே ஊறிப்போனது: அகலமாக, விளிம்பு மங்கி, பளபளப்பே இல்லாமல் இருக்கும். நீர்த்த கருப்பு-பழுப்பு அக்ரிலிக்கை ஈரமான தரையில் விட்டால் அது தானே பரவிக்கொள்ளும். அதன்மேல், அது காய்ந்த பிறகு, இன்னும் சின்னதாக அடர்ந்த பழுப்பு. கடைசியில், டிரெய்ன் போல்ட்டுக்கு நேர் கீழே, பளபள வார்னிஷில் துளி கருப்பு கலந்து ஊசி முனையால் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு 4 மி.மீ.க்கு மேல் போனால் நிஜத்தில் பத்து செ.மீ. குளம் என்பதை நினைவில் வையுங்கள். எண்ணெயை உறிஞ்ச மரத்தூள் போட்டிருப்பார்கள். நிஜ மரத்தூள் இந்த அளவுக்கு விறகுக் கட்டை. பால்சா மரத்தை உப்புத்தாளில் தேய்த்தால் விழும் பொடி சரியாக இருக்கும்.

உங்கள் தெரு ஷெட்டில் பத்து நிமிடம் நின்று தரையைப் பாருங்கள். எண்ணெய்க்கு ஊர் வித்தியாசம் தெரியாது. மண்ணுக்குத் தெரியும்: டயரில் ஒட்டிவரும் புழுதிக்கு நம் செம்மண் நிறத்தைப் போட்டுவிடக் கூடாது. எல் மிராஜ் படுகை வெளிறிய மஞ்சள், கிட்டத்தட்டக் கடலைமாவு நிறம். காரின் அடியிலும் டயரின் உட்புறத்திலும் அந்த நிற பேஸ்டல் பொடியை லேசாகத் தட்டிவிடுங்கள். இந்த வண்டி போன மாதம் ஏரிக்குப் போய்வந்திருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

சுவரும் கூரையும்

அந்த வட்டாரத்து வீட்டு கராஜ்களில் பலவற்றுக்கு உட்பூச்சு கிடையாது. உள்ளே நின்றால் செங்குத்தான மரச் சட்டங்களும், அவற்றுக்குப் பின்னால் வெளிப்பலகையின் முதுகும் அப்படியே தெரியும். நமக்கு இது வசதி. சட்டங்களை 1.5 x 3.5 மி.மீ. பால்சா குச்சியில் 16 மி.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். வெளிப்பலகைக்கு ஐஸ் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 5 மி.மீ. கிடைக்கும், நிஜத்தில் ஐந்து அங்குலப் பலகை. ஐஸ் குச்சியின் நார் இந்த அளவுக்குத் தடிமன், அதனால் இரண்டு பக்கமும் தேய்த்து பிரைமர் கொடுத்த பிறகே பெயின்ட். உட்பக்கம் மட்டும் பிரைமர் வேண்டாம்; நீர்த்த பழுப்பை மரத்திலேயே ஊறவிடுங்கள்.

வெளிப்புற வெள்ளை பெயின்ட் உரிந்திருக்கலாம், ஆனால் கீழ் இரண்டு பலகையில் மட்டும். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது நனைகிற உயரம் அதுதான். முழுச் சுவரும் உரிந்து தொங்கினால் மறுபடி பூட்டிய கடை ஆகிவிடும்.

சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை இரண்டு வையுங்கள். மனிதன் சும்மா விடமாட்டான். அந்தக் கட்டைமேல் ஆயில் டப்பா, ஆணி போட்ட ஜாம் பாட்டில், காய்ந்த பிரஷ் எல்லாம் ஏறியிருக்கும். கூரையில் பின்பாதியை மட்டும் மூடுங்கள்.

என்ஜின்: கிட்டப் போய்ப் பார்ப்போம்

பார்ப்பவர் கண் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். பெட்டிமேல் 1932 ஃபோர்டு என்று போட்டிருந்தாலும் உள்ளே பின்னாளைய என்ஜின் இருக்கக்கூடும். நமக்கு வேண்டியது ஃபிளாட்ஹெட் வி-8. 1932-இல் வந்தபோது 221 கன அங்குலம், 65 குதிரைத் திறன். சாதாரண ஜனங்கள் வாங்கும் விலையில் வி-8 கொடுத்த முதல் கம்பெனி ஃபோர்டுதான். கிட்டில் இல்லையென்றால் ரெசினில் வார்த்ததோ 3டி பிரின்ட் எடுத்ததோ தனியாகக் கிடைக்கும்.

இந்த என்ஜினுக்கு இரண்டு பக்கமும் தனித்தனி வாட்டர் பம்ப். அதனால் ரேடியேட்டருக்கு மேலே இரண்டு ஹோஸ், கீழே இரண்டு ஹோஸ். நான் பார்த்த மாடல்களில் பாதிக்கு மேல் மேலே ஒன்றுதான் இருக்கும். அதேபோல் ஒரு பக்கத்துக்கு சிலிண்டர் நாலு என்றாலும் புகைபோக்கி வாய் மூன்றுதான். நடு இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வழி. அந்தச் சூடான புகை பிளாக்கின் உள்ளே சுற்றித்தான் வெளியேறும் என்பதால் இந்த என்ஜின் எப்போதும் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியைச் சுற்றி வழிந்து காய்ந்த நீர்த்தடம் ஒன்று, வெளிறிய பழுப்பில், கீழ்நோக்கி இழுத்துவிடுங்கள். தெரிந்தவர் பார்த்தால் சிரிப்பார்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் முன் மூக்கில் இருக்கும். பிளக் ஒயர் நிஜத்தில் 7 மி.மீ.; நமக்கு 0.28. இதற்கென்று விற்கும் ஒயர் விலை அதிகம். மோட்டார் வைண்டிங் கடையில் 32 கேஜ் எனாமல் கம்பி கேளுங்கள், கிட்டத்தட்ட அதே கனம். எடை போட்டுத்தான் விற்பார்கள். பத்து கிராம் வாங்கினால் ஆயுசுக்கும் போதும். கடைக்காரர் பார்க்கும் பார்வையைத் தாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எனாமலின் மேல் கருப்பு பிரைமர் கொடுக்காவிட்டால் பெயின்ட் உரியும்.

இப்போது அன்றைய வேலைக்கு வருவோம். மேனிஃபோல்டில் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர்கள். உள்வழியின் குறுகலான இடம் 0.97 அங்குலம், அதனால் அந்தப் பெயர். முன்னதை ஒட்டுங்கள். பின்னதை ஒட்டாமல் பெஞ்சுக்குக் கொண்டுபோங்கள். அது இருந்த இடத்தில் வாய் திறந்து கிடக்கிறது. எந்த மெக்கானிக்கும் அந்த வாயை அப்படியே விடமாட்டான். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் முழு என்ஜினையும் பிரிக்க வேண்டும். துணியைச் சுருட்டி அடைப்பான். டிஷ்யூ பேப்பரில் 4 மி.மீ. துண்டு கிழித்து (கத்தரிக்காதீர்கள், ஓரம் நேராக வந்துவிடும்), நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து, பல் குச்சியால் அந்த ஓட்டைக்குள் திணியுங்கள். ஒரு முனை மட்டும் வெளியே துருத்தட்டும். காய்ந்ததும் அழுக்குச் சிவப்பு.

என் இரண்டாவது கராஜைப் பார்க்க வந்த அதே மெக்கானிக் அண்ணன், குரோமையோ பல்பையோ கவனிக்கவில்லை. “துணி வச்சிருக்கீங்க” என்றார். அந்த மாடலுக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான், போதுமாக இருந்தது.

வேலையின் மிச்சம்

கழற்றிய கார்புரேட்டர் இருந்தால், கழற்றியதன் மிச்சமும் இருக்க வேண்டும். பெஞ்சில் விரித்த செய்தித்தாள், அதன்மேல் கார்புரேட்டர், பக்கத்தில் டப்பா மூடியில் பெட்ரோல் (வார்னிஷ் சொட்டு), அதில் ஊறும் ஜெட்கள். காரின் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட ஹப் கேப்பில் நாலைந்து நட்டு. ஒரு ஸ்பானர் பெஞ்சில், இன்னொன்று காரின் கௌல்மேல், அடியில் பெயின்ட் கீறாமல் இருக்கத் துணி. ஸ்பானர்களுக்கு அலுமினிய நிறம் வேண்டாம். இருண்ட ஸ்டீல் நிறம் பூசி, பிடிக்கிற நடுப்பகுதியை மட்டும் பென்சில் கிராஃபைட்டால் தேய்த்து மினுக்குங்கள். கை படும் இடம் மினுங்கும், படாத மூலையில் கருக்கும். கதவுக் கொக்கி, அலமாரிப் பிடி, வைஸின் கைப்பிடி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். துரு வேண்டும் என்று கை அரித்தால், கராஜுக்கு வெளியே முற்றத்தில் கிடக்கும் பழைய மட்கார்டுகளில் ஆசை தீரப் பூசுங்கள்.

மனித பொம்மை வைக்கலாமா என்று கேட்பார்கள். 1/25-இல் ஆள் 70 மி.மீ. உயரம், முகம் தெளிவாகத் தெரியும். முகம் வரையத் தெரிந்தவர் தாராளமாக வைக்கலாம். எனக்கு வராது. ஆணியில் ஒரு ஜாக்கெட்டும், பெஞ்ச் ஓரத்தில் பாதி குடித்த கோக் பாட்டிலும் (8 மி.மீ. உயரம், கண்ணாடிதான்) வைத்துவிட்டு ஆள் வெளியே போயிருக்கிறான் என்று விட்டுவிடுகிறேன்.

காகிதச் சாமான்களுக்கு ஒரு சிறு உதவி. சுவர்க் காலண்டர் 1949 ஆகஸ்ட்டைக் காட்ட வேண்டும். அந்த மாதம் முதல் தேதி திங்கட்கிழமை. 1949-க்கும் 2022-க்கும் காலண்டர் ஒன்றே என்பதால், 2022 ஆகஸ்ட் தாளைச் சிறிதாக்கி, ஆண்டை மட்டும் மாற்றி அச்சடித்துக்கொள்ளலாம். பத்திரிகை அட்டைகள் சுமார் 8.5 x 11 மி.மீ. அச்சடித்த தாளின் பின்பக்கத்தை 600 உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கிவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் பத்திரிகை பலகைபோல் விறைத்து நிற்கும்.

விளக்கு

3 மி.மீ. வார்ம் ஒயிட் எல்.இ.டி. ஒன்று போதும். பழைய 5 வோல்ட் போன் சார்ஜரில் கொடுத்து, நடுவே 470 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். 220 ஓமிலும் எரியும், ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வெளிச்சம் வரும். கூல்டிரிங் கேன் தகரத்தில் கூம்பு வெட்டித் தொப்பி செய்து, உள்பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் கரும்பச்சை. என்ஜினுக்கு நேர்மேலே அல்ல, பெஞ்சுக்கும் என்ஜினுக்கும் நடுவில் தொங்கவிடுங்கள். துணி அடைத்த ஓட்டையின் மேல் பாதி நிழல் விழ வேண்டும்.

பெட்டி

மூடாமல் வைத்தால் ஒரே கோடையில் நிஜத் தூசி படியும். அதற்கு அளவு விகிதம் தெரியாது. 3 மி.மீ. அக்ரிலிக்கில் பெட்டி செய்து தரும் கடைகள் இருக்கின்றன; உயரம் 150 மி.மீ. கேளுங்கள். நீள அகலம் சொல்வதற்கு முன் கராஜ் கதவுகளை முழுக்கத் திறந்து, முன்சுவரோடு ஒட்டவைத்து அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கதவும் பக்கச் சுவரைத் தாண்டி 25 மி.மீ. நீளும். நான் மூடிவைத்து அளந்தேன். என் இரண்டாவது கராஜின் இடப்பக்கக் கதவு இன்றுவரை பாதிதான் திறக்கிறது.